சட்டைப்பையில் சாவி

நான் வேலை பார்த்த விமானப் பயிற்சிக் கழகத்தில், உரிமத் தேர்வு நடத்துகிறவருக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. அதில் 'எஞ்சின் நின்றுபோவது போன்ற பயிற்சி' என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரி இது: 'சாவியைத் தொட வேண்டாம் என்று மாணவரிடம் வாய்விட்டுச் சொல்லவும்.' நாட்டில் வேறு எந்தக் கழகத்திலும் இப்படி ஒரு வரி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பழைய ஆட்கள் இதைப் 'போடி வரி' என்பார்கள்.

சென்ற மாதம், அங்கே புதிதாகச் சேர்ந்த பயிற்றுநர் பெண் ஒருத்தி போன் செய்தாள். "சார், எஞ்சின் போன மாதிரி சும்மா நடிக்கிறப்ப சாவிய யார் சார் தொடப்போறாங்க? இந்த வரிய எடுத்துடலாம்னு மீட்டிங்ல பேசிக்கிறாங்க. எதுக்கு வச்சாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க."

எனக்குத்தான் தெரியும். அந்த வரி வரக் காரணமே நான்தான். எடுக்கிறவர்கள் எடுக்கட்டும், அதற்கு முன் நடந்ததை எழுதிவைத்து விடுகிறேன்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். அப்பா குரங்கணிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். அங்கிருந்து நான் விமானத்துக்குப் போனதற்கு ஓர் உதவித்தொகை, ஓயாத பிடிவாதம், மூன்று முறை மருத்துவப் பரிசோதனை என்று காரணங்கள் உண்டு. அதையெல்லாம் விட்டுவிடலாம். முப்பது வருடம் பயிற்றுநராக இருந்தேன். எத்தனை பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தேன் என்று எண்ணியதில்லை. எத்தனை பேர் என் மேல் வாந்தி எடுத்தார்கள் என்பது மட்டும் சரியாக நினைவிருக்கிறது.

எங்கள் தலைமைப் பயிற்றுநரை எல்லோரும் 'சீஃப்' என்போம். உரிமத் தேர்வை நடத்துகிறவரும் அவர்தான். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதைதான் ஏறும். சாதாரணமாக இருக்கும்போது "இன்னும் இடது" என்பார். எரிச்சல் வந்தால் "கொஞ்சம் இடது பக்கம் போகலாமே" என்பார். 'தயவுசெய்து' என்ற சொல் அவர் வாயில் வந்துவிட்டால் விமானம் ஏதோ ஒரு மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தேர்வு நாளில் விமானத்தில் ஒரு சின்னக் குறையை அவரே செய்துவைப்பார். காற்றின் வேகத்தை அளக்கும் குழாயில் பஞ்சைச் செருகிவிடுவார், அல்லது ஒரு மூடியைத் தளர்த்திவிடுவார். மாணவர் விமானத்தைச் சுற்றிவந்து தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். தொட்டியின் அடியிலிருந்து பெட்ரோலைச் சின்னக் குப்பியில் வடித்து, வெயிலுக்கு நேரே தூக்கி, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். பிறகு முக்கால் மணி நேரம் வாய்த்தேர்வு. அதற்கப்புறம்தான் பறப்பது. வாய்த்தேர்விலேயே பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது, விடுமுறையில் போடிக்கு வந்திருந்தேன். சுருளிவேல் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். மலையில் ஏலத்தோட்டம், ஊரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகை, வயது ஐம்பதுக்கு ஒன்றோ இரண்டோ குறைவு. கையில் ஒரு மதிப்பெண் பட்டியல் வைத்திருந்தார்.

"அண்ணே, நா பத்தாப்பு பெயிலு. கணக்குல போயிருச்சு. இப்ப பிரைவேட்டா எழுதிப் பாஸாயிட்டேன். பைலட் லைசென்சு எடுக்க பத்தாப்பு போதும்ங்கிறாங்களே, நெசமா?"

"நெசந்தான். எதுக்கு சுருளி?"

"மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம். பத்திரிக்கை அடிக்கணும்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து மடித்துவைத்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து விரித்தார். யாரோ உறவினர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம், பெண்ணுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. தாய்மாமன் என்ற இடத்தில் சுருளிவேல் என்று மொட்டையாக நின்றது.

"எம் பேருக்குப் பின்னாடியும் மூணு எழுத்து வரணும்ணே. காலேசுக்குப் போக வயசில்ல. பைலட் லைசென்சுக்கு P.P.L.னு போடலாமாம்ல. விசாரிச்சுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிங்கண்ணே. எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சாச்சு, நீங்கதேன் பாக்கி. எங்க கணக்கு வாத்தியார் இன்னும் இருக்காரு. பஜார்ல பாத்தா இப்பவும் 'என்னடா பெயிலு, சௌக்கியமா'ன்னுதேன் கேப்பாரு. பிரியமாத்தேன் கேப்பாரு. ஆனா கேப்பாரு."

அப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏல அறுவடை இல்லாத மாதங்களில் எங்கள் கழகத்துக்கு வந்து தங்கினார். எழுத்துத் தேர்வுகளை ஒவ்வொன்றாக முடித்தார். கணக்கு வருகிற தாளை மூன்றாவது முறையில் தாண்டினார். மலையில் ஜீப் ஓட்டிய கை என்பதால் விமானம் சீக்கிரம் படிந்தது. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டு, விமானம் தானாகச் சறுக்கி இறங்கும்படி விட வேண்டும். அதில் பதறிப்போவார். விமானத்தின் மூக்கைத் தூக்குவார், பிறகு கீழே குத்துவார். தரை எங்கோ இருக்கும், அவர் எங்கோ இருப்பார்.

இதற்குள் மகளுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை, விடுப்பு குறைவு. முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டில் நாய்க்குட்டிக்குக்கூடப் பட்டம் இருக்கும் போலிருந்தது. சுருளியின் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும். போடியில் அச்சகத்துக்காரர் அவர் பெயருக்குப் பின்னால் P.P.L. என்று சேர்த்துத் தயாராக வைத்துக்கொண்டு, அவருடைய போனுக்காகக் காத்திருப்பார் என்று ஏற்பாடு.

தேர்வுக்கு முந்தின மாதம் நானும் ஊரில்தான் இருந்தேன். வாய்த்தேர்வுக்கான பயிற்சியை அவருடைய ஏலக்காய்க் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டோம். ஆறு பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குவித்துப் போட்ட காயில் வெடித்தது, சொத்தை, பூச்சி துளைத்தது என்று பிரித்துத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். மூட்டை மேல் நான். எதிரே முக்காலியில் முதலாளி.

ஏலக்காய் வியாபாரியிடம் வாய்த்தேர்வு நடத்துவது சாதாரண சோலி இல்லை. அவர்கள் எந்த எண்ணையும் முதலில் தங்கள் வாயால் சொல்ல மாட்டார்கள்.

"எந்த வேகத்துக்குக் கீழ போனா விமானத்த இறக்கை தாங்காது?"

"நீங்க எவ்வளவுண்ணே சொல்றீங்க?"

"நான் கேக்குறேன் சுருளி. நீங்க சொல்லணும்."

"அது சரக்கப் பொறுத்ததுண்ணே."

எனக்கு வந்த கோபத்துக்கு மூட்டையை எடுத்து எறிந்திருப்பேன். அது சரியான பதிலும்கூட என்பதுதான் கொடுமை. எடை கூடினால் அந்த வேகமும் கூடும்.

"நாப்பத்தெட்டு மொதலாளி" என்றது ஒரு குரல். கொட்டகையில் மூத்தவளான ஈஸ்வரி. கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. "நேத்துத்தேன அண்ணன் சொன்னாரு. லோடு ஏத்துனா கூடும்னாரு."

அதோடு போயிற்று. நான் கேள்வி கேட்டு முடிக்கும்முன் மூன்று மூலையிலிருந்து பதில் வரும். இடிமழை மேகத்தின் லத்தீன் பெயரைச் சுருளி தேடிக்கொண்டிருக்கும்போது, ஈஸ்வரி அதைச் சொல்லி முடித்துவிட்டு, "அதுக்குள்ள போகக் கூடாது, சுத்தித்தேன் போகணும்" என்று வழியும் சொல்லிவிடுவாள். பத்தாவது நாள் அந்தக் கொட்டகையில் ஆறு பெண்களும் வாய்த்தேர்வில் தேறக்கூடிய நிலையில் இருந்தார்கள். முதலாளி மட்டும்தான் சந்தேகம்.

பதினோராம் நாள் அவரோடு தோட்டத்துக்குப் போய்விட்டு, ஜீப்பில் போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே சுருளி எஞ்சினை நிறுத்தினார். எங்கள் பக்கத்துப் பழைய ஜீப்காரர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். டீசல் மிச்சம். சட்டப்படி தப்பு, பிரேக்குக்கும் கேடு, யாரும் செய்யாதீர்கள். ஆனால் அன்று நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். சாவியைத் திருகினார், உருவினார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தேய்ந்த துவாரத்தில் சாவி நிற்காது, குலுக்கலில் கழன்று எங்காவது விழுந்துவிடும். என் அப்பாவும் அப்படித்தான் செய்வார். அதனால் அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. எங்கே வேகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், எந்த வளைவுக்கு எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் உடம்பிலேயே இருந்தது. பதினேழு வளைவும் தாண்டி, முந்தல் சோதனைச்சாவடி வரைக்கும் எஞ்சினை எழுப்பவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினேன்.

"இதுதான் சுருளி. இதத்தான ஒன்றரை வருசமா உங்கள்ட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்."

"இதா? இது எறக்கம்ணே."

"அதுவும் எறக்கந்தான். இனிமே எஞ்சின் விசையக் கொறச்சதும் போடிமெட்டுன்னு நெனச்சுக்கங்க."

கழகத்துக்குத் திரும்பிப் போய் நான்கு முறை பயிற்சி செய்தோம். நான் "பயிற்சி" என்று சொல்லி விசையைக் குறைப்பேன். அவர் தாலாட்டுகிற மாதிரி இறக்குவார். என் மாணவர்களில் அவ்வளவு அழகாக யாரும் சறுக்கி இறங்கியதில்லை. தேர்வன்று காலையில் பெருமை தாங்காமல் அவரிடம் சொன்னேன்: "வேற எதையும் யோசிக்காதீங்க. அங்க என்னென்ன பண்ணுவீங்களோ, அத அப்பிடியே இங்க பண்ணுங்க. போதும்." இந்த வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கக் கூடாது.

அன்று எல்லாம் நன்றாகவே தொடங்கியது. சீஃப் செருகிவைத்த பஞ்சைச் சுருளி ஒரே நிமிடத்தில் உருவினார். அதோடு, சீஃபுக்கே தெரியாமல் தளர்ந்திருந்த ஒரு திருகாணியையும் காட்டினார். ஏலக்காயில் பூச்சித் துளை தேடுகிற கண். வாய்த்தேர்வில் நானும் மூலையில் உட்கார்ந்திருந்தேன். இறக்கை தாங்காத வேகம் எவ்வளவு என்று சீஃப் கேட்டார். சுருளி என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு "நாற்பத்தெட்டு சார், ஆனா லோடைப் பொறுத்தது" என்றார். சீஃப் புருவத்தைத் தூக்கிக் குறித்துக்கொண்டார். மலைப் பகுதியில் காற்று எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு, கணவாய் வழியாக மத்தியானக் காற்று விழுவதையும், குரங்கணிப் பக்கம் மேகம் நகராமல் ஒரே இடத்தில் நின்றால் அதற்குக் கீழே காற்று புரளும் என்பதையும் சுருளி பத்து நிமிடம் சொன்னார். சீஃப் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். வாய்த்தேர்வில் தேறியாயிற்று.

இருவரும் பறக்கப் போனார்கள். நான் விமானங்களை நிறுத்தும் ஹேங்கர் வாசலில் வானொலிக் கருவியோடு நின்றேன். திருப்பங்கள் ஆயின. கடைசியில் விமானம் எங்கள் தலைக்கு மேலே உயரத்தில் வந்தது. இப்போது சீஃப் விசையைக் குறைப்பார் என்று நிமிர்ந்து பார்த்தேன். எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. குறைந்த விசையில் அது பொட்டுப்பொட்டென்று மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வினாடி அப்படித்தான் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

மேலே என்ன நடந்தது என்று பிறகு சீஃப் சொன்னார். நான் எப்போதும் சொல்லும் 'பயிற்சி' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அவருடைய பாணியில், "உங்கள் எஞ்சின் போய்விட்டது" என்று மட்டும் சொன்னார். சுருளி தலையாட்டினார். மூக்கைச் சரியான கோணத்தில் வைத்தார். சாவியைத் திருகினார், உருவினார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாவியைக் கொடுங்கள்" என்றிருக்கிறார் சீஃப்.

"இப்பப் பேசாதீங்க சார், வளைவு வருது."

"தயவுசெய்து."

"எறங்குனதும் தர்றேன் சார்."

சீஃப் கட்டுப்பாட்டைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் உயரம் போய்க்கொண்டிருந்தது, இறக்கமோ குறை சொல்ல முடியாமல் இருந்தது. பாதியில் கை மாற்றுவதுதான் ஆபத்து என்று விட்டுவிட்டார். வானொலியில் அவர் குரல் கேட்டது. "ஓடுபாதையைத் தயவுசெய்து காலியாக வைத்திருங்கள். தயவுசெய்து." இரண்டு முறை வந்ததும், ஓடுபாதையைச் சுற்றி எத்தனை மரம் என்று எண்ணத் தொடங்கினேன்.

விசிறி காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, விமானம் வளைந்து வந்து ஓடுபாதையின் தொடக்கத்தில் தொட்டது. தொட்டது தெரியவே இல்லை. அதோடு நிற்கவில்லை. மிச்சமிருந்த வேகத்தில் ஓடி, கிளைப் பாதையில் திரும்பி, ஹேங்கருக்கு நேராக வந்து, எனக்கு நாலடி முன்னால் நின்றது. கொட்டகை வாசலில் ஜீப்பை நிறுத்துவதும் அப்படித்தான். சுருளி கதவைத் திறந்து இறங்கி, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு கையாலும் சீஃபிடம் கொடுத்தார்.

சீஃப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதற்காக இதை எடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?"

"போன எஞ்சினுக்குச் சாவி எதுக்கு சார்?" என்றார் சுருளி. பிறகுதான் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தியதே தான்தான் என்று.

"இப்படிச் செய்ய யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?"

"இல்ல சார். எந் தப்புத்தேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை அந்த மனிதர். காலையில் நான் சொன்ன வாக்கியம் அவருக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கும். எனக்கு ஓய்வுக்குச் சில மாதங்களே பாக்கி. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஆசை எனக்கும் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு வெட்கம் தாங்கவில்லை.

"நான்தான் சார் சொன்னேன். ஜீப்பில் என்ன செய்வாரோ அதை அப்படியே செய்யச் சொன்னேன். அவர் சாவியை எடுப்பதை ஜீப்பில் பார்த்தும் இருக்கிறேன்."

சீஃப் கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். "முப்பது வருடத்தில் இப்படி ஓர் இறக்கத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் சாவியை எடுத்தவரைத் தேறிவிட்டார் என்று நான் எழுத முடியாது. ஒரு மாதம் கழித்து வரட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் உள்ளே வாருங்கள், தயவுசெய்து."

அவர் அறையில் முக்கால் மணி நேரம் எனக்கு வாய்த்தேர்வு நடந்தது. முதல் பாடத்திலிருந்து கேட்டார். இறக்கை தாங்காத வேகத்தை அவர் கேட்டபோது, என் வாயில் முதலில் வந்தது 'லோடைப் பொறுத்தது' என்பதுதான். அன்று சாயங்காலமே பட்டியலில் அந்த வரியை அவர் கையால் எழுதிச் சேர்த்தார்.

நான் வெளியே வந்தபோது சுருளி வேப்பமரத்தடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா, அந்த மூணு எழுத்த எடுத்துரு. இல்ல, பேர நடுவுல நகத்தாத. இருக்குற எடத்துலயே இருக்கட்டும். பக்கத்துல எடம் காலியாவே கெடக்கட்டும். அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகுது."

போனை வைத்துவிட்டு என்னிடம், "வாங்கண்ணே, டீ குடிப்போம்" என்றார். கழகத்தில் எப்போதும் சார் என்பவர், அன்றுதான் அங்கே அண்ணே என்றார். அதுவே எனக்குத் தண்டனையாக இருந்தது.

கல்யாணம் போடியில் சிறப்பாக நடந்தது. பத்திரிகையில் எல்லோர் பெயரும் பட்டங்களோடு நடுவில் நிற்க, பெண்ணின் தகப்பனார் பெயர் மட்டும் இடது பக்கமாக ஒதுங்கி நின்றது. பந்தியில் சம்பந்தி அதைக் கவனித்துவிட்டு, "என்ன மச்சான், இவ்வளவு எடம் விட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"எறங்குறதுக்கு எடம் வேணும்ல மச்சான்" என்றார் சுருளி. சம்பந்திக்கு விளங்கவில்லை. எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

அடுத்த மாதம் மறுதேர்வு. சுருளி பையே இல்லாத பனியன் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சீஃப் அவரை மேலும் கீழும் பார்த்து, "நன்றி" என்றார். அன்று எஞ்சின் கடைசிவரை பொட்டுப்பொட்டென்று ஓடிக்கொண்டே இருந்தது. இறக்கம் முன்னதைவிட ஒரு மாற்றுக் குறைவுதான். தேறிவிட்டார்.

உரிமம் கைக்கு வர மேலும் சில மாதங்கள் ஆயின. அதற்குள் நானும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. சுருளி கையில் ஒரு மைப்பெட்டியும் ரப்பர் முத்திரையும் இருந்தன.

"அண்ணே, கல்யாணப் பத்திரிக்கை வச்சிருக்கீங்களா?"

என் மனைவி தேடிப்பார்த்து, சமையலறை அலமாரியில் எண்ணெய்த் தூக்குக்கு அடியில் போட்டிருந்ததை எடுத்துவந்தாள். வட்டமாக எண்ணெய்க் கறை. சுருளி அதை வேட்டி நுனியால் துடைத்தார், மேசையில் வைத்தார், மூச்சை அடக்கிக்கொண்டு தன் பெயருக்குப் பக்கத்தில் முத்திரையைக் குத்தினார். P.P.L. அளவெடுத்துச் செய்த முத்திரை, இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"எத்தன வீடு சுருளி போயிருக்கீங்க?"

"நாப்பத்தாறு ஆச்சுண்ணே. பாதி வீட்ல தூக்கிப் போட்டாங்க. இருக்கிறவங்களுக்குக் குத்திடுறது."

"மொதல்ல சம்பந்தி வீடா?"

"இல்லண்ணே. கணக்கு வாத்தியார் வீடு. அவரு பீரோல பத்திரமா வச்சிருந்தாரு. குத்தினதக் கண்ணாடி போட்டுப் பாத்தாரு. 'மூணு எழுத்து வாங்க முப்பத்தஞ்சு வருசமாடா'ன்னாரு." மைப்பெட்டியை மூடினார். "பெயிலுன்னு சொல்லலண்ணே. சுருளிவேலுன்னு கூப்ட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மை பட்ட விரல் என்பதால் கன்னத்தில் நீலமாக ஒட்டிக்கொண்டது. நான் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

எங்கள் தெரு பஜார் பக்கம் கொஞ்சம் இறக்கமாகப் போகும். அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தது தெரிந்தது. வண்டி தெருக்கோடி வரை போய்த் திரும்பியது. எஞ்சின் சத்தம் கேட்கவில்லை.